தாத்தா பார்த்த விரிசல்

மே 19

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

முதலில் நீ பார்க்காத ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அந்த அக்வேரியத்தில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி தந்தியைக் கூட்டிக்கொண்டு கடல்குதிரை பார்க்கப் போனீர்கள் அல்லவா? அப்போது நான் பெரிய தொட்டி முன்னால் தனியாக நின்றேன். இரண்டு மாடி உயரம், ஒரே பாளமாக. முப்பத்தாறு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினேன். கண்ணாடிச் சத்தம் இல்லை. பலகைச் சத்தம். பக்கத்தில் கோடை முகாமிலிருந்து வந்த முப்பது பிள்ளைகள். மீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "இது கண்ணாடியே இல்ல கண்ணுங்களா, அக்ரிலிக்கு. ஒருவகை பிளாஸ்டிக்கு. சுத்தியலால அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று பாடம் நடத்தினேன்.

காவலாளி வந்தான். 'தட்டாதீர்கள்' என்ற பலகை எங்கே என்று தேடினான். அதன்மேல்தான் நான் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தேன்.

"பெரியவரே, படிக்கத் தெரியுமா?"

"எட்டாவது வரைக்கும் தெரியும் தம்பி" என்றேன்.

முப்பது பிள்ளைகளும் சிரித்தன. அதில் ஒரு பொடிசு, "சார், தாத்தாவ வெளிய நிக்க வைங்க" என்று சிபாரிசு வேறு செய்தது. அவன் பேச்சைக் கேட்டு நான் வெளியே நின்றிருக்கலாம். இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த அரைமணி நேரத்தில் நடந்தது உனக்கே தெரியும். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி கூட்டத்தில் மிதிபட்டதற்கும், கணுக்கால் பிசகிய அந்த அம்மாளுக்கும், மூன்று மணி நேரம் கூடத்தைப் பூட்டி வைத்ததற்கும், அதிகாரி முன்னால் நீ தலைகுனிந்து நின்றதற்கும் சேர்த்துத்தான். ஆனால் விரிசலைப் பார்த்தது நிஜம். இடது பக்கம், கீழ் மூலையிலிருந்து மேலே, தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. தொழில்காரன் கண்ணுக்குத்தான் அது தெரியும். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதானே குற்றம்?

கண்ணாடி உடைப்பது நம் குடும்பத்தில் உன் துறை, நான் ஏன் அதில் தலையிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அக்வேரியத்துக்கு வராமல் விடுதி அறையில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததே நல்லது என்கிறாள்.

வழக்கம்போல அவள்தான் இதைப் படித்துப் பார்த்து, உறையில் போட்டு ஒட்டுவாள். காகிதத்தில் ஈரம் பட்டிருந்தால் அது கண்ணீர் இல்லை. கூடத்துக் கொடியில் காயும் என் வேட்டியின் சொட்டு.

தந்தி எப்படி இருக்கிறாள்? ஓடி வந்து ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு ஓடுகிறவள் என்றுதானே அந்தப் பெயர் வைத்தேன், இங்கே ஒரு செய்தியும் வரவில்லையே. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். பேசு.

உன் அப்பா


மே 24

அன்புள்ள அப்பாவுக்கு,

போனை எடுக்காததற்கு இரண்டு காரணம். ஒன்று, உங்கள் குரல் கேட்டாலே குழந்தை மேஜைக்கு அடியில் போய்விடுகிறாள். இரண்டு, போனில் பேசினால் என்னைச் சிரிக்க வைத்துவிட்டு நழுவிவிடுவீர்கள். காகிதத்தில் அவ்வளவு சுலபம் இல்லை. ஆனாலும் முயற்சி செய்திருக்கிறீர்கள்.

தந்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்காருவதில்லை. அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போகும்போது சுவரோடு சுவராக நகர்கிறாள். நான் வேலை பார்க்கும் மருந்துக் கூடத்துக்கு ஒருநாள் என்னோடு வந்தவள், கவுன்டரில் கண்ணாடித் தடுப்பு இருப்பதைப் பார்த்துவிட்டு என்னையும் வெளியே இழுத்தாள். ஆஸ்பத்திரி மருந்தாளுநர் வாசலில் நின்று மாத்திரை கொடுக்க முடியுமா? பள்ளியில் கோடை வகுப்பு தொடங்கிவிட்டது. வாசலில் பெரிய கண்ணாடிக் கதவு. மூன்று நாளாகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். தினமும் ஒரே கேள்வி: "தாத்தா என்ன பாத்தாரு?" விரிசல் என்று சொன்னால், "நம்ம வீட்டு ஜன்னல்ல இருக்கா, பாரு" என்கிறாள். பார்க்கிறேன். ஒவ்வொரு ஜன்னலாக, தினமும்.

அப்பா, கடல்குதிரை பார்த்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது நீங்களே என்னிடம் சொன்னீர்கள்: "இது கண்ணாடியே இல்லம்மா, இது உடையாது." காவலாளி திட்டியதை மறைத்தீர்கள், இதை மறைக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து நீங்கள் கத்தியது என்ன தெரியுமா? "கண்ணாடி! உடையுது!" இரண்டில் எது உண்மை?

குழந்தை என்ன தப்பு செய்தாள்? கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு திருக்கை மீனைப் பார்க்க ஓடினாள். அவ்வளவுதான். அவளை ஓடாதே என்று சொல்லாமல் வளர்க்க வேண்டும் என்று நான் வைராக்கியமாக இருந்தேன். எனக்கு ஆறு வயதிலிருந்து அந்த வீட்டில் கேட்ட வார்த்தை அது ஒன்றுதான். ஓடிப் போய்க் கதவுக் கண்ணாடியில் விழுந்தவள் என்ற பட்டத்தோடு வளர்ந்தவள் நான். இடது கையில் பதினேழு தையல், மடங்காத சுண்டுவிரல், வருஷம் முழுக்க முழுக்கைச் சட்டை. அதை நீங்கள் இன்னும் 'உன் துறை' என்று எழுதுகிறீர்கள். அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தீர்களா?

கொஞ்ச நாளைக்கு இங்கே வராதீர்கள். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மகள்


மே 29

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. கேட்காமல் சாப்பிட்டேன்.

'உன் துறை' என்று எழுதியது தப்பு. வாய் இருக்கிறது என்பதற்காகப் பேசுகிறவன் நான். பேனாவும் அப்படியே ஆகிவிட்டது.

விரிசல் விஷயம். அக்ரிலிக் உடையாது என்று சொன்னேன்தான். ஆனால் அதிலும் நாள்பட்டால் கோடு விழும். ஓரத்தில் இணைப்பு விடலாம். அந்த வெளிச்சத்தில் எது கோடு, எது தண்ணீரின் நெளிவு என்று நிச்சயமாக... சரி, எனக்குக் கோடாகத் தெரிந்தது. அறுபத்து மூன்று வயசுக் கண். பயந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளேன்.

இத்துடன் கடையில் வெட்டி மீந்த அக்ரிலிக் துண்டு ஒன்றைப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன். உள்ளங்கை அளவுதான். மூலையைத் தேய்த்து மழுக்கிவிட்டேன், குத்தாது. மாப்பிள்ளையிடம் சுத்தியலைக் கொடுத்து தந்தி முன்னால் ஓங்கி அடிக்கச் சொல். அவர் அடித்தால் ஆணியே இறங்காது, இது எங்கே உடையப்போகிறது! (இந்த வரியை அடித்துவிடச் சொல்கிறாள் அம்மா. அடிக்கவில்லை. மாப்பிள்ளை நல்லவர், பொறுத்துக்கொள்வார்.)

நான் ஒருநாள் வந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக் கதவைத் தாண்டிவிட்டுத் திரும்பிவிடட்டுமா? வீட்டுக்குள்ளே வரமாட்டேன். தண்ணீர்கூடக் கேட்கமாட்டேன்.

இதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்துக்குக் காத்திருக்கிறாள்.

உன் அப்பா


ஜூன் 8

அப்பாவுக்கு,

இதைக் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். அம்மா படிப்பதற்கு முன்னால் நீங்கள் படிக்க வேண்டும்.

அக்ரிலிக் துண்டு வந்தது. இவர் சுத்தியலால் அடித்தார். உடையவில்லை. குழந்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்ப தாத்தா ஏன் கத்தினாரு?" என்றாள். அதனால் போன சனிக்கிழமை ரயிலேறி அதே ஊருக்குப் போனோம். அதே அக்வேரியம். வெளியே அரைமணி நேரம் அழுதாள். கடைசியில் அவள் அப்பாவின் சட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

பராமரிப்பைப் பார்க்கிற ஒரு அம்மாள் வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் வலைக்கம்பு. உங்களை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். "அவரா? அன்னிக்கு எங்களுக்கு மூணு மணி நேர வேலை வச்சவரு!" என்றார். ஆனால் கோபப்படவில்லை. குழந்தையை முட்டிபோட வைத்து, நீங்கள் சொன்ன இடது மூலையிலிருந்து டார்ச் அடித்து, விரலால் தடவித் தடவிக் காட்டினார். கோடு இல்லை. இணைப்பு விடவில்லை. அன்றைக்கு ஆள் இறங்கி உள்பக்கமும் பார்த்தார்களாம். ஒரு கீறல்கூட இல்லை. "இது ஒன்றரை அடி கனம் பாப்பா. நீ ஓடி வந்து மோதினா உன் மண்டைதான் வீங்கும்" என்றார். குழந்தை முதல் தடவையாகச் சிரித்தாள். ஒரு விரலால் தொட்டாள். பிறகு கன்னத்தை வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெரிய மீன் வந்து அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது.

திரும்பும்போது வெளி வாசலில் கண்ணாடிக் கதவு. மறுபடி நின்றுவிட்டாள். அந்த அம்மாள் சொன்னார்: "இது நிஜக் கண்ணாடிதான். ஆனா டஃபன்டு. சூடு பண்ணி இறுக்கினது. கதவுக்கெல்லாம் இதைத்தான் போடணும். அப்படியே உடைஞ்சாலும் சர்க்கரைக் கட்டி மாதிரி பொடிப்பொடியா கொட்டும். கத்தி மாதிரி துண்டு வராது. சாதா கண்ணாடி போட்டாத்தான் ஆபத்து."

நான் அங்கேயே என் சட்டைக் கையை விலக்கிப் பார்த்தேன்.

எனக்கு அப்போது ஆறு வயசு. ஆனாலும் ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் கையில் குத்தி நின்ற துண்டு, பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். அதைப் பிடுங்கியது நீங்கள். தரையில் கிடந்ததும் அப்படி நீளநீளமாகத்தான். பொடி இல்லை.

நம் வீட்டுக் கதவில் டஃபன்டு போட்டிருந்ததாகத்தான் நீங்கள் எப்போதும் சொல்வீர்கள். "டஃபன்டையே உடைச்ச புள்ளை, அவ்வளவு வேகம்!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் பெருமையாக நின்று கேட்டிருக்கிறேன்.

அப்பா, அந்தக் கதவில் இருந்தது என்ன கண்ணாடி? அக்வேரியத்தில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மகள்


ஜூன் 12

அன்புள்ள மகளுக்கு,

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் அம்மா படிக்காமல் போகிற என் முதல் கடிதம் இது. ஒட்டிப் பழக்கமில்லை. பசை வழிந்திருந்தால் கண்டுகொள்ளாதே.

சாதா கண்ணாடி. நாலு மில்லிமீட்டர் கனம்.

இந்த ஒரு வரிக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. நாலு காகிதம் கிழித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கூடத்திலிருந்து பின்வாசலுக்குப் போகிற கதவுக்கு வெளிச்சம் வருகிற மாதிரி கண்ணாடி வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். டஃபன்டுதான் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அளவெடுத்தேன், தொழிற்சாலைக்கு எழுதிப் போட்டேன். பத்து நாளில் வந்தது. சட்டத்தில் வைத்தால் உட்காரவில்லை. அகலம் அரை இஞ்ச் அதிகம். ஊரார் வீட்டு ஜன்னலை எல்லாம் நூல் பிசகாமல் அளக்கிறவன், சொந்த வீட்டுக் கதவைத் தப்பாக அளந்துவிட்டேன். சாதா கண்ணாடி என்றால் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். டஃபன்டை இறுக்கின பிறகு வெட்ட முடியாது. கட்டர் பட்டால் மொத்தமும் நொறுங்கும்.

அம்மா அன்றைக்கு மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்: "பொருந்துச்சா?" நான் சொன்னேன்: "கச்சிதம்!"

இதுதான் நான் சொன்ன முதல் பொய். அளவு தப்பிவிட்டது என்று சொல்லியிருந்தால் என்ன, இரண்டு நாள் கேலி செய்திருப்பாள். அந்தக் கேலியைத் தாங்க மாட்டாமல், கடையில் கிடந்த சாதா பாளம் ஒன்றை வெட்டிப் போட்டேன். வேறு ஆர்டர் போட்டு வருகிறவரை, பத்தே நாளைக்கு என்றுதான் நினைத்தேன். அந்தப் பத்து நாள் ஒன்றரை வருஷம் ஆனது. பிறகு நீ ஓடி வந்தாய்.

நீ வேகமாக ஓடவில்லை மகளே. சாதாரணமாகத்தான் ஓடினாய். கடையிலிருந்து நான் வந்த சத்தம் கேட்டு என்னிடம்தான் ஓடி வந்தாய். உனக்காக வாங்கி வந்த மிட்டாய்ப் பொட்டலம்கூடப் பிரிக்காமல் என் பையில் ஒரு வாரம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் உனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே நடையில் உன் பெரிய அத்தை, எங்கள் அக்கா, அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "பெத்தவ வீட்டுல இருந்தும் புள்ளை கண்ணாடியில விழுதுன்னா, நீ என்னடி பண்ணிட்டிருந்த?" அம்மா, "மாடியில துணி காயப்போட்டேன் அண்ணி" என்றாள். "துணிதான் முக்கியம்!" என்றாள் அக்கா. நான் இரண்டு கையிலும் இரண்டு டீயோடு அங்கேதான் நின்றேன். டீ ஆறுகிறது என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அம்மா மாடியில் துணி காயப்போட்டதில்லை. நம் வீட்டுக் கூடத்தில் வருஷம் முழுக்க ஈரத்துணி ஏன் தொங்குகிறது என்று நீ பலதடவை கேட்டிருக்கிறாய். நான்கூட அதை வைத்து ஜோக் அடித்திருக்கிறேன். போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தில்கூட.

அக்வேரியத்தில் நான் எந்த விரிசலையும் பார்க்கவில்லை. தந்தி கையை விரித்துக்கொண்டு அந்தப் பாளத்தை நோக்கி ஓடினாள். அவளுக்கு அன்றைக்கு உனக்கிருந்த வயசு. அது உடையாது என்று எனக்குத் தெரியும், தட்டிப் பார்த்தவன் நான். ஆனால் வாய்க்குத் தெரியவில்லை. கத்திவிட்டேன். நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் கத்தினாய் என்று கேட்பார்களே? ஒரு கோட்டைச் சொன்னேன். பிறகு அந்தக் கோட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இத்தனை நாள்.

அந்த டஃபன்டு பாளம் இன்னும் கடையின் பின்னால் சாக்குச் சுற்றி நிற்கிறது. இருபத்தாறு வருஷம். விற்கவும் மனசு வரவில்லை, உடைக்கவும் வரவில்லை.

உன் அப்பா


ஜூன் 20

அப்பாவுக்கு,

இதுவும் கடை முகவரிக்குத்தான். எட்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். இதற்கு முன்னால் எழுதியிருந்தால் நான் வருத்தப்படுகிற மாதிரி எதையாவது எழுதியிருப்பேன்.

அளவு தப்புவதில் எனக்குக் கோபம் இல்லை. நானும் ஒருமுறை தப்பான வீரியத்தில் மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் பேருந்து ஏறுவதற்குள் ஓடிப் போய், சொல்லி வாங்கி வந்தேன். ஓடித்தான் போனேன். ஓடும்போதுகூட அம்மா குரல் காதில் கேட்டது, ஓடாதே என்று.

ஏழாம் வகுப்பில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். அம்மா பள்ளிக்கே வந்து பெயரை அடிக்கச் சொன்னாள். இவள் ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது என்று ஆசிரியையிடம் அழுதாள். நான் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. நீங்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிச் சிரிக்க வைத்தீர்கள். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அழுதிருக்க வேண்டியதில்லை, நான் ஓடியிருப்பேன்.

என்னிடம் சொல்லிவிட்டீர்கள். சரி. ஆனால் பெரிய அத்தை கேட்ட கேள்வி என்னிடம் கேட்டது இல்லை.

குழந்தையிடம் உண்மையைச் சொன்னேன். "தாத்தா மீன் தொட்டியில எதையும் பாக்கல. பழைய கதவு ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு, பயந்துட்டாரு" என்றேன். "தாத்தாவுமா பயப்படுவாரு?" என்றாள். பிறகு, "அந்தக் கதவு இப்ப எங்க?" என்று கேட்டாள். நீங்களே வந்து சொல்லுங்கள்.

திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்குள் போகிறாள். வாசல் கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுகிறாள். காதை வைத்துக் கேட்கிறாள். பிறகு உள்ளே போகிறாள். வாட்ச்மேன் சிரிக்கிறார். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று நான் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் வராதீர்கள்.

மகள்


ஜூலை 2

அன்புள்ள மகளுக்கு,

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாலு நாளாகச் சொல்லப் பார்க்கிறேன். முதல்நாள் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"கடைச் சாவியத் தொலைச்சுட்டீங்களா?"

"இல்ல."

"சர்க்கரை ஏறிடுச்சா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன என்ன, வேற ஒருத்தியா? இந்த மூஞ்சிக்கா?"

அவளே சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாழாய்ப்போன சிரிப்பு. வாய்க்குள் வந்த வாக்கியம் அப்படியே திரும்பிப் போய்விட்டது. இரண்டாம் நாள் தொண்டையைச் செருமினேன், இருமல் மருந்து கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் சொல்ல வேண்டியதைக் கடையிலேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அவள் உன் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். "அவ வந்தா போட்டுக்குவா" என்றாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பவும் வெளியே போய்விட்டேன்.

இன்றைக்கு அந்தப் பாளத்தைத் தட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் நானும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டே நடந்தோம். சாக்கைப் பிரித்துத் துடைத்து, பின்வாசல் ஒட்டுப்பலகைக் கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். கண்ணாடிக் கடைக்காரன் வீட்டுக்குள் இருபத்தாறு வருஷம் கழித்து ஒரு கண்ணாடி வருகிறது. அம்மா ஈரத்துணியோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"யாரோட ஆர்டர் இது?"

"பழைய ஆர்டர்."

"வாங்கிட்டுப் போகலையா?"

"அளவு தப்பிடுச்சு."

கிட்டே வந்தாள். தொடவில்லை. பாளத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கண்ணாடிக்காரன் பெண்டாட்டி, அவளுக்கும் கண்ணளவு உண்டு.

"நம்ம கதவு அளவாட்டம் இருக்கே" என்றாள்.

"அரை இஞ்ச் கூட" என்றேன். அதோடு நின்றுவிட்டது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு கூடத்துக் கொடியில் துணியை ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டாள். இப்போது உள்ளே இருக்கிறாள். பாத்திரச் சத்தம் கேட்கிறது.

தந்தியிடம் சொல்: அந்தக் கதவு இல்லை, ஆனால் அதற்கு வந்திருக்க வேண்டியது வீட்டில் இருக்கிறது. அவள் வந்தால் தட்டிப் பார்க்கலாம். நல்ல சத்தம். மணி மாதிரி.

நான் எப்போது வருவேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. அது என் கையில் இல்லை. இதை ஒட்டாமல், மடிக்காமல், பசைக் குப்பியை மேலே வைத்து மேஜையில் வைக்கப்போகிறேன். வைத்துவிட்டு வாசலில் போய் உட்காருவேன். அம்மா வழக்கம்போல வந்து படிப்பாள். கூடத்துக் கதவு திறக்கிற சத்தம் வரும்வரை உட்கார்ந்திருப்பேன். என்றைக்கும் சிரிப்போடு எழுந்து போகிற எனக்கு, இந்த ஒரு தடவையாவது உட்காரத் தெரிகிறதா பார்க்கலாம்.

கீழே இருப்பது உனக்கு இல்லை மகளே. ஒட்டப்போகிறவளுக்கு. கண்ணாடி முன்னால் நின்றபோது வாய்வரைக்கும் வந்தது, வெளியே வராதது இதுதான்:

அன்னிக்கு நீ மாடியில துணி காயப்போட்டதுல ஒரு தப்பும் இல்ல. நீ கேட்டப்போ நான் "கச்சிதம்"னு சொன்னது பொய். கதவுல இருந்தது சாதா கண்ணாடி. போட்டது நான்.